பெட்டிக்குள் தொங்கும் எடை: லண்டன் ஜார்ஜியன் வீட்டு ஜன்னல் ஒன்றின் பழுதுபார்ப்புப் பதிவு

வேலைக்கு எடுத்தது ஒரே ஒரு ஜன்னல். லண்டன் ப்ளூம்ஸ்பரி பகுதியில் 1820-களில், ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியன் காலத்தின் கடைசியில் கட்டிய செங்கல் வரிசை வீடு. இரண்டாம் மாடி, தெருப்பக்கம். மேலே ஆறு கண்ணாடி, கீழே ஆறு கண்ணாடி, இரண்டு சட்டங்களும் மேலும் கீழுமாகச் சறுக்கும் சேஷ் ஜன்னல். ஒவ்வொரு சட்டமும் (அதுதான் சேஷ்) இரு பக்கமும் கயிற்றில் தொங்குகிறது; கயிறு கப்பியின் மேலேறி, நிலைக்குள் மறைந்த மரப்பெட்டியில் தொங்கும் இரும்பு எடையில் முடிகிறது. தொடங்கும்போது நிலைமை இது: மேல் சேஷ் பெயிண்டால் நிலையோடு ஒட்டிக் கிடக்கிறது. கீழ் சேஷைத் தூக்கிக் கையை விட்டால் தடாலென்று விழுகிறது. இடப்பக்கக் கயிறு அறுந்துவிட்டது. கீழ் சேஷின் அடிச்சட்டத்தில், இடது மூலையில் கட்டைவிரலால் அழுத்தினால் நனைந்த பிஸ்கட் போல உள்ளே போகிறது.

இந்த மாதிரி ஜன்னலைப் பார்த்ததும் "மொத்தத்தையும் பெயர்த்துவிட்டுப் புதிது போடலாம்" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் கூர்மையான உளிமுனையால் குத்திப் பார்த்துக்கொண்டே மேலே போனால் விஷயம் விளங்கும். மக்கல் முழுக்க அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான். அதற்கு மேலே இருப்பது பால்டிக் கரையிலிருந்து கப்பலில் வந்த, மெதுவாக வளர்ந்த பைன் மரம். ஆண்டு வளையங்கள் மில்லிமீட்டருக்கு ஒன்று என்ற நெருக்கத்தில் இருக்கின்றன. இன்று மரக்கடையில் கிடைக்கும் பைன் இதற்கு உறை போடக் காணாது. எனவே அடிச் சாண் மட்டும் மாற்றுவது, மற்றதைத் தொடாமல் சமன் செய்வது என்று முடிவு.

சட்டப்படியும் அதுதான் சுலபம். இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடம் என்றால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சியின் முன் அனுமதி வேண்டும். அதே மரம், அதே வடிவம், அதே முறை என்று பழுது பார்த்தால் பொதுவாக அனுமதி தேவைப்படாது. ஜன்னலையே மாற்றினாலோ இரட்டைக் கண்ணாடி போட்டாலோ தேவைப்படும். சந்தேகம் இருந்தால் வேலை தொடங்கும் முன் உள்ளாட்சியின் பாரம்பரியக் கட்டட அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. அனுமதியில்லாமல் செய்வது அங்கே குற்றவியல் குற்றம்.

நிலை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை

தெருவில் நின்று பார்த்தால் இந்த ஜன்னலுக்கு நிலையே இல்லாததுபோல் தோன்றும். செங்கல் விளிம்பிலிருந்து விரல் அகல மரம்தான் வெளியே தெரியும். அதை அழகுக்காகச் செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தீ பயத்தில் பிறந்தது அது. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டன் கட்டடச் சட்டங்கள் முகப்பிலிருந்து மரத்தைப் படிப்படியாகத் துரத்தின. 1709 சட்டம் ஜன்னல் நிலையைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774 சட்டம் ஒரு படி மேலே போய், பெட்டியையே வெளிச் செங்கல் வரிசைக்குப் பின்னால் ஒளிக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தை வரைந்தவர்கள் கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் டெய்லரும் இளைய ஜார்ஜ் டான்ஸும். வீடுகளை மதிப்பையும் தரைப் பரப்பையும் வைத்து நான்கு தரமாகப் பிரித்ததும் அதே சட்டம்தான். இந்த வீடு மூன்றாம் தரம்: கட்டுமான மதிப்பு 150 முதல் 300 பவுண்டு, தரைப் பரப்பு 350 முதல் 500 சதுர அடி.

பழுது பார்ப்பவருக்கு இந்த வரலாறு எதற்கு என்றால், பெட்டி செங்கலுக்குப் பின்னால் இருப்பதால் அதை வெளியிலிருந்து எடுக்கவே முடியாது. வேலை முழுக்க அறைக்குள்ளிருந்துதான். பெட்டியை முழுதாக எடுக்க வேண்டுமானால் ஜன்னலை அறைப்பக்கம் மூடும் மடிப்புக் கதவுகள், அவற்றின் பெட்டி, சாந்துப்பூச்சு எல்லாம் பெயரும். ஒரு ஜன்னலைப் புதிதாகப் போடுகிறேன் என்று தொடங்கி ஒரு சுவரையே உரித்த வீடுகள் உண்டு.

வரிகளும் இதில் கை வைத்திருக்கின்றன. ஜன்னல்களுக்கு 1696 முதல் 1851 வரை வரி. கண்ணாடிக்கு 1746 முதல் 1845 வரை எடை பார்த்துத் தீர்வை. எடைக்குத் தீர்வை என்றால் கண்ணாடி மெல்லியதாகத்தானே இருக்கும்? ஊதிச் சுழற்றி வட்டத் தட்டாக விரித்து, அதிலிருந்து வெட்டி எடுத்த கிரவுன் கண்ணாடி இங்கே சராசரியாக 2 மி.மீ. கனம். கண்ணாடி லேசாக இருந்ததால் அதைத் தாங்கும் பட்டிகளையும் மெலிதாக்க முடிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை அங்குலம் இருந்த கண்ணாடிப் பட்டி, இந்த வீடு எழுந்தபோது 16 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. சேஷின் மூலைகளில் கீழ்நோக்கி நீளும் "கொம்பு" இதில் கிடையாது. கொம்பு வந்தது கனமான கண்ணாடி வந்த விக்டோரியா காலத்தில். ஜார்ஜியன் வீட்டில் கொம்பு வைத்த சேஷைக் கண்டால், அது பின்னால் மாற்றியது என்று கொள்ளலாம்.

கழற்றல்

அளவுகள்: சேஷ் அகலம் 1.02 மீ. மேல் சேஷ் உயரம் 955 மி.மீ., கீழ் சேஷ் 986 மி.மீ.; கீழ் சேஷின் அடிச்சட்டம் 75 மி.மீ. ஆழம் என்பதால் அந்த வித்தியாசம். இரண்டும் நடுவில் 35 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும். பெட்டியின் உள்ளுயரம் சுமார் 1.9 மீ. ஒவ்வொரு கண்ணாடியும் 300 க்கு 430 மி.மீ.

முதலில் பெயிண்டைச் சோதிக்க வேண்டும். இந்தக் காலத்து வீட்டில் ஈயப் பெயிண்ட் இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். தரையில் தடித்த பாலித்தீன், முகத்தில் நுண்தூசியைத் தடுக்கும் எஃப்.எஃப்.பி.3 முகமூடி, அபாயத் தூசிக்கான ஹெச் வகை வடிகட்டி கொண்ட வாக்குவம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்ட வேண்டும். சுரண்டியதைப் பையில் கட்டி அபாயக் கழிவாகக் கொடுக்க வேண்டும். ஹாட் கன் வேண்டாம். ஈயப் புகை ஒரு பக்கம். இரு நூற்றாண்டுக் கண்ணாடி ஒரே நொடியில் விரிசல் விடும் என்பது இன்னொரு பக்கம்.

கீழ் சேஷை அறைப்பக்கம் விழாமல் பிடித்திருக்கும் மரப்பட்டியான உள் பீடிங்கை எடுக்கும்போது மூலையில் நெம்பினால் 45 டிகிரி முனை உடையும். பீடிங்குக்கும் பெட்டிக்கும் நடுவே பெயிண்டைக் கத்தியால் கீறிவிட்டு, பீடிங்கின் நடு உயரத்தில் அகல உளியை நுழைத்து மெதுவாக வில் மாதிரி வளைத்தால், இரண்டு முனையும் தானாகக் கழன்று வரும். பின்புறம் "இடது", "வலது" என்று பென்சிலில் எழுதி வைக்கவும். எழுதாமல் விட்டால் பொருத்தும்போது அரை மணி நேரம் போகும்.

கீழ் சேஷ் வெளியே வந்ததும், வலது கயிற்றை அறுப்பதற்கு முன் கயிற்றைக் கையில் இறுக்கிப் பிடித்து, எடையை மெதுவாக இறக்கி விட வேண்டும். பிடிக்காமல் அறுத்தால் 5 கிலோ இரும்பு பெட்டியின் அடியில் மோதும். அந்த அடிதான் பல ஜன்னல்களில் அடிக்கட்டையின் (நிலையின் கீழ்க்கட்டை) மூட்டைத் தளர்த்தியிருக்கிறது.

அடுத்து, இரண்டு சேஷுக்கும் இடையே நிற்கும் நடு பீடிங். கப்பிப் பலகையின் (கப்பி பதித்த பக்கப்பலகை) காடியில் செருகியிருக்கும் மெல்லிய பட்டி, சுமார் 9 க்கு 22 மி.மீ. இது பெரும்பாலும் உடைந்துதான் வரும், வருத்தப்பட வேண்டியதில்லை. புதிய பட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 1.9 மீ. வாங்கி வைத்துக்கொள்ளவும். அது போன பிறகு மேல் சேஷ் வரவேண்டும். இங்கே வரவில்லை. வெளிப்பக்கம் மூன்று நான்கு தலைமுறைப் பெயிண்ட் பாலமாக இறுகியிருந்தது. மெல்லிய வாள் அலகை நிலைக்கும் சேஷுக்கும் நடுவே விட்டு, சுற்றிலும் இழுத்த பிறகுதான் அசைந்தது. மேல் சேஷின் அடியில் இரண்டு நீள ஆணிகளும் இருந்தன: கீழே இறங்காமலிருக்க யாரோ அடித்தவை. ஏன் அடித்தார்கள் என்பது எடையைப் பார்த்தபோது புரிந்தது.

கப்பிப் பலகையின் கீழ்ப்பகுதியில், பெயிண்ட் அடுக்குக்கு அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதுதான் எடைப் பெட்டியின் வாசல். பழைய பெயிண்டில் அதன் கோடே தெரியாது. விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் மாறும் இடம் காட்டிக்கொடுக்கும். உள்ளே நூற்றாண்டுகளின் தூசி, உடைந்த சாந்துத் துண்டு, அறுந்த பழைய கயிறு எல்லாம் அடியில் ஒரு கை உயரத்துக்குக் குவிந்திருந்தன. இதை வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்யாமல் கயிறு மாற்றினால், எடை முழுதாகக் கீழே இறங்க இடமின்றிக் குப்பையில் உட்கார்ந்துவிடும். மேல் சேஷ் முழுதாக மூடாது. "புதுக் கயிறு போட்டும் இரண்டு அங்குலம் திறந்தே நிற்கிறது" என்ற புகாருக்குக் காரணம் பல நேரம் இந்தக் குப்பைதான்.

கண்ணாடி

பன்னிரண்டில் ஒன்பது கிரவுன் கண்ணாடி. மீதி மூன்று, பின்னாளில் போட்ட 4 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடி, அதாவது இன்றைய தட்டையான ஆலைக் கண்ணாடி. பிரித்தறிவது சுலபம்: எதிர்வீட்டுக் கூரை விளிம்பின் பிம்பத்தைச் சாய்வாகப் பார்த்தால் ஃப்ளோட்டில் கோடு நேராக நிற்கும், கிரவுனில் மெல்லிய வில் வரிகளோடு நெளியும். கிரவுன் கண்ணாடிக்குச் சிறிய குழிவும் உண்டு. புடைத்த பக்கம் வெளியே இருக்கும்படி பதிப்பது பழைய வழக்கம். எடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் வெளி, எந்தப் பக்கம் மேல் என்று சாக்பீஸால் குறித்துவிட வேண்டும்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி இறுக்கமாக இருந்த ஐந்து கிரவுனையும் தொடவில்லை. எடுக்கத் தேவையில்லாத கண்ணாடியை எடுப்பதுதான் இந்த வேலையில் பெரும் நஷ்டம். மற்ற நான்குக்கும் அகச்சிவப்பு விளக்கு வைத்து, கண்ணாடியை அலுமினியத் தாளால் மறைத்து, புட்டியை மட்டும் சூடாக்கினால் மழுங்கிய கத்திக்கே இளகி வரும். உளியும் சுத்தியும் கொண்டு தட்டுபவர்கள் புட்டியோடு பட்டியின் பள்ளத்தையும் பெயர்த்துவிடுகிறார்கள். 16 மி.மீ. பட்டியில் ஒரு பக்கப் பள்ளம் 5, 6 மி.மீ.தான், அது போனால் கண்ணாடி உட்கார இடமில்லை. மூன்று ஃப்ளோட்டையும் எடுத்துவிட்டு, ஊதிச் செய்த மெல்லிய உருளைக் கண்ணாடி போட்டோம். கிரவுன் முறை இல்லைதான், ஆனால் கனமும் நெளிவும் ஒத்துப்போகும். ஜெர்மனியிலும் போலந்திலும் இன்றும் இதை ஊதிச் செய்கிறார்கள்.

மக்கிய மூலை

ஈரமானி வைத்தபோது அடிச்சட்டம் இடப்பக்கம் 28 சதவீதம், சேஷின் நிமிர் சட்டத்தில் ஒரு சாண் உயரத்தில் 17. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்கு விருந்து. சேஷை அறைக்குள் இரண்டு வாரம் காற்றாட வைத்து, 18-க்குக் கீழே வந்த பிறகே பசை தொட்டோம். ஈர மரத்தில் எபாக்சி பிடிக்காது. பிடித்ததுபோல் காட்டிவிட்டு மறு குளிர்காலத்தில் கழன்றுவரும்.

அடிச்சட்டம் முழுவதும் புதிது: 40 க்கு 75 மி.மீ., அகோயா என்ற பதப்படுத்திய பைன். பழைய மரம் போன்ற நெருக்கமான பைன் கிடைத்தால் அதுவே மேல். நிமிர் சட்டத்தின் அடியில் 180 மி.மீ. வெட்டி ஒட்டு. ஒட்டைக் குறுக்காக நேராக வெட்டக்கூடாது. மரத்தின் கனம் போல நான்கு மடங்கு நீளத்துக்குச் சாய்த்து வெட்ட வேண்டும், 40 மி.மீ. கனத்துக்கு 160 மி.மீ. சாய்வு. அந்தச் சாய்வு வெளிப்பக்கம் பார்த்துக் கீழே இறங்க வேண்டும். மேலிருந்து வழியும் நீர் கோட்டில் நுழைந்தாலும் வெளியே வழிந்துவிடும். உள்பக்கம் பார்த்துச் சாய்த்தால் ஒட்டே தண்ணீர்த் தொட்டி.

மூட்டு பழைய முறைதான்: அடிச்சட்டத்தில் கழுந்து, நிமிர் சட்டத்தில் துளை, வெளியே நீட்டிய கழுந்தில் இரண்டு ஆப்பு, குறுக்கே 8 மி.மீ. மரமுளை. முளைத்துளையைக் கழுந்தில் அரை மி.மீ. தோள் பக்கம் தள்ளிப் போட்டால், முளை ஏறும்போது மூட்டு தானாக இறுகும். மேல் சேஷின் சந்திப்புச் சட்டத்தில் (கீழ் சேஷோடு படியும் அதன் அடிச்சட்டம்) மூட்டு சற்றுத் தளர்ந்திருந்தது. கொம்பு இல்லாததால் அங்கே துளைக்குக் கீழே மரம் கிடையாது. எனவே புறாவால் வடிவில் கழுந்து வெட்டியிருக்கிறார்கள். பிரிக்காமல், பழைய பெயிண்டைச் சுரண்டி, பசை செலுத்தி, கிளாம்பு போட்டதே போதுமாக இருந்தது.

அடிக்கட்டை ஓக். வெளியே நீட்டிய விளிம்பான அதன் மூக்கு மட்டும், இடப்பக்கம் 300 மி.மீ. நீளத்துக்கு மக்கியிருந்தது. ஓக்குக்கு ஓக்தான். திருகு ஆணி துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை. சாதாரண இரும்பு போட்டால் ஓக்கின் டானின் அதைக் கருப்பாக்கித் தின்றுவிடும். அடியில் நீர்சொட்டுக் காடி இருக்கிறதா என்று கட்டாயம் தடவிப் பார்க்கவும். இங்கே காடி இருந்தது. யாரோ அதைச் சிலிக்கோன் பசையால் நிரப்பியிருந்தார்கள். மக்கலின் வேர் அதுதான். காடியில் சொட்டி விழவேண்டிய நீர், சிலிக்கோன் வழியே ஊர்ந்து கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே போய்த் தேங்கியிருக்கிறது. நல்ல எண்ணத்தில் அடைத்தது மரத்துக்கு எமனாகிவிட்டது.

எடைக் கணக்கு

நான்கு வார்ப்பிரும்பு எடைகளும் தலா 5.44 கிலோ, அதாவது 12 பவுண்டு. மேல் சேஷின் எடைகள் இரண்டிலும் ஈயத்தகடு சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது, ஒவ்வொன்றும் 0.9 கிலோ கூடுதல். கீழ் சேஷின் எடைகளில் ஒன்றும் சேர்க்கவில்லை.

ஏன் சேர்த்தார்கள்? மேல் சேஷைக் குளியலறை எடைமானியில் வைத்தால் 12.4 கிலோ. அதில் இரண்டு கண்ணாடி 4 மி.மீ. ஒரு கண்ணாடியின் பரப்பு 0.129 ச.மீ.; ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் கண்ணாடி 2.5 கிலோ. 2 மி.மீ. போட்டால் 0.65 கிலோ, 4 மி.மீ. போட்டால் 1.3 கிலோ. இரண்டுக்கும் சேர்த்து 1.3 கிலோ கூடுதல். சுரண்டிய பெயிண்ட் மட்டும் கிட்டத்தட்ட 0.8 கிலோ. இந்தச் சுமையில் மேல் சேஷ் தானாகக் கீழே இறங்கியிருக்கும். அதைத் தடுக்க ஆணி அடித்திருக்கிறார்கள், அதற்கு முன்போ பிறகோ ஈயமும் சுற்றியிருக்கிறார்கள். கீழ் சேஷிலும் அதே கதைதான். அதன் மொத்த எடை 12.95 கிலோ, இரண்டு எடையும் சேர்ந்து 10.88. கயிறு இரண்டும் சரியாக இருந்தபோதே 2 கிலோ குறை. ஒன்று அறுந்ததும் விழாமல் என்ன செய்யும்?

விதி இதுதான். மேல் சேஷ் மேலேயே நிற்க வேண்டும். ஆகவே இரண்டு எடைகளின் கூட்டுத்தொகை சேஷைவிட அரை கிலோ அளவு கூடுதலாக இருக்கட்டும். கீழ் சேஷ் கீழேயே உட்கார வேண்டும்; எடைகள் அரை கிலோ குறைவாக இருக்கட்டும். பெயிண்ட் சுரண்டி, மெல்லிய கண்ணாடி போட்டு, புட்டி வைத்த பிறகு மேல் சேஷ் 10.3, கீழ் சேஷ் 11.4 கிலோ. ஈயத்தை அவிழ்த்துவிட்டுப் பழைய 12 பவுண்டு எடைகளையே வைத்தால் மேலே 0.58 கூடுதல், கீழே 0.52 குறைவு. இருநூறு ஆண்டுக்கு முன் ஒரே எடையில் நான்கு வாங்கி மாட்டிய தச்சருக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. புது எடை ஒன்றும் வாங்கவில்லை.

இரட்டைக் கண்ணாடி கேட்பவர்களுக்கும் இதே கணக்கைக் காட்டலாம். 4 மி.மீ. இரண்டு என்றால் சதுர மீட்டருக்கு 20 கிலோ. ஒரு சேஷில் 0.77 ச.மீ. கண்ணாடி, 3.9 கிலோ இருந்த இடத்தில் 15.5 கிலோ ஏறும். வார்ப்பிரும்பு எடையைத் தூக்கிவிட்டு அதே நீளத்துக்கு ஈயம் வைத்தாலும் ஒன்றரை மடங்குதான் கூடும், போதாது. இதற்கு மேல், 16 மி.மீ. பட்டியில் இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை மறைக்க இடமே இல்லை. குளிர் தாங்கவில்லை என்றால் அறைப்பக்கம் தனியாக ஒரு இரண்டாம் கண்ணாடிச் சட்டம் வைக்கலாம். அதைவிடச் சுலபம், பெயிண்டில் ஒட்டிக் கிடக்கும் பழைய மடிப்புக் கதவுகளைத் திறக்க வைத்து இரவில் மூடுவது.

கயிறு

6 மி.மீ. மெழுகிட்ட பருத்திக் கயிறு, 8 மீட்டர். நைலான் வேண்டாம், முடிச்சு வழுக்கும். புதுக் கயிறு நீளும். ஆகவே முந்தின இரவே ஒரு முனையில் எடையைக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

கப்பியின் மேல் கயிற்றைக் கோக்க ஒரு "எலி" செய்ய வேண்டும். இரண்டு விரற்கடை ஈயத்தகட்டை மெல்லிய நூலின் முனையில் சுருட்டி, கப்பிச் சக்கரத்தின் மேல் தள்ளினால், அது பெட்டிக்குள் சரசரவென்று இறங்கிக் கீழ்வாசலில் தலைகாட்டும். நூலின் மறுமுனையில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். எலி பருமனாக இருந்தால் கப்பியில் சிக்கும். லேசாக இருந்தால் பெட்டியின் நடுவே தொங்கும் தடுப்புப் பட்டியில் தங்கிவிடும். அந்தத் தடுப்புப் பட்டி எதற்கென்றால், மேல் சேஷின் எடையும் கீழ் சேஷின் எடையும் உரசாமலிருக்க. வெளிப்பக்க அறை மேல் சேஷுக்கு, உள்பக்க அறை கீழ் சேஷுக்கு. அவசரத்தில் கயிறு பட்டியைச் சுற்றி எதிர் அறைக்குப் போய்விட்டால், எல்லாம் பொருத்திய பிறகு பெட்டிக்குள் "டக் டக்" என்று சத்தம் வரும். மறுபடி முழுதும் பிரிக்க வேண்டியதுதான்.

நீளம் இப்படி. மேல் சேஷ் மூடி மேலே இருக்கும்போது எடை கீழே இருக்கும். அதன் அடி, பெட்டித் தரையிலிருந்து 75 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கயிறு நாளடைவில் நீளுமே, அதற்கு இடம். கீழ் சேஷ் மூடிக் கீழே இருக்கும்போது எடை மேலே இருக்கும். கப்பிக்கு 50 மி.மீ. கீழே நிற்க வேண்டும். இந்த ஜன்னலுக்கு முடிச்சோடு சேர்த்து மேல் கயிறு 1.4 மீ., கீழ் கயிறு 1.26 மீ.

சேஷின் பக்கக் காடியில் கயிற்றை 25 மி.மீ. கால்வனைஸ் ஆணி நான்கு கொண்டு அடிக்கிறோம். இங்கேதான் புதியவர்கள் தவறுவது. ஆணியைக் காடியின் உச்சியிலேயே அடித்துவிடுவார்கள். கப்பியின் மையம் மேல்கட்டையிலிருந்து 110 மி.மீ. கீழே இருக்கிறது. சேஷை முழுதாகத் தூக்கும்போது அதன் தலை கப்பியைத் தாண்டி மேலே போகும். அப்போது ஆணியடித்த இடம் கப்பியில் முட்டினால் சேஷ் அங்கேயே நின்றுவிடும். பலம் போட்டால் கயிறு அறுகும். சேஷின் உச்சியிலிருந்து 150 மி.மீ. விட்டு, 250 வரையுள்ள இடத்தில் நான்கையும் அடித்தால் தொல்லையில்லை. கடைசியாக மேல் ஆணியை நகத்தால் தடவிப் பார்க்கவும். தலை காடியை விட்டுத் துருத்திக்கொண்டிருந்தால் கப்பிப் பலகையில் கோடு கிழிக்கும்.

மாட்டும் வரிசை: மேல் சேஷ், நடு பீடிங், கீழ் சேஷ், உள் பீடிங். நடு பீடிங்குக்குப் பசை வேண்டாம். அடுத்த முறை கழற்றுபவரை நினைத்துக்கொள்ளவும். தூரிகை வைத்த பீடிங் போட்டால் காற்றும் தடுக்கப்படும், ஆனால் சேஷுக்கு இரண்டு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி இருந்தாக வேண்டும். கப்பியை மாற்ற வேண்டாம். ஊறவைத்துப் பெயிண்டை நீக்கி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

புட்டியும் பெயிண்டும்

ஏழு கண்ணாடிக்குச் சுற்றளவு 10.2 மீ.; ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி சுமார் 1.2 கிலோ பிடித்தது. 2 கிலோ டப்பா வாங்கலாம். பள்ளத்துக்கு முதலில் எண்ணெய் ப்ரைமர் அடிக்காவிட்டால், காய்ந்த பழைய மரம் புட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். ஓராண்டில் புட்டி வெடித்துப் பாளம் பாளமாக விழும். 2 மி.மீ. படுக்கைப் புட்டி, அதன்மேல் கண்ணாடி. ஓரத்தில் மட்டும் அழுத்த வேண்டும். நடுவில் கை வைத்தால் கிரவுன் கண்ணாடி விரிசல் விடும். முக்கோணச் சின்ன ஆணிகள், பிறகு முகப்புப் புட்டி. கத்தியை 45 டிகிரியில் ஒரே இழுப்பில் மூலைக்கு மூலை இழுக்கவும். உள்ளிருந்து பார்த்தால் புட்டி தெரியாதபடி, பட்டி விளிம்புக்கு 1 மி.மீ. முன்னதாகவே முடிக்கவும்.

புட்டிக்குத் தோல் பிடிக்க ஒன்றிரண்டு வாரம். பிறகு மெல்லிய எண்ணெய்ப் பெயிண்ட் மூன்று கோட்டு. ஒவ்வொரு கோட்டும் கண்ணாடிமேல் 2 மி.மீ. ஏறட்டும்; அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் மழையைத் தடுக்கிறது. அதைக் கத்தியால் சுத்தமாக வழித்துவிடுபவர்கள் ஜன்னலின் ஆயுளை வழிக்கிறார்கள். கயிற்றிலும் சறுக்கும் முகங்களிலும் பெயிண்ட் படக்கூடாது. நிறம் பளீர் வெள்ளை வேண்டாம். அந்த வெள்ளை டைட்டானியம் தந்தது, 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஈய வெள்ளையின் சற்றே மஞ்சளோடிய நிறம்தான் இந்தச் செங்கலோடு சேரும்.

செங்கல் விளிம்பு

பெட்டிக்கும் செங்கலுக்கும் நடுவே சிமென்ட் அடைத்திருந்தது. மரம் விரிந்து சுருங்கும், சிமென்ட் அசையாது. எனவே விரிசல், அதில் மழை. சிமென்டைக் கையுளியால் எடுத்துவிட்டு, ஆழமான இடத்தைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்பி, முகத்தில் மணலும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த, மாஸ்டிக் என்ற பழைய முறை அடைப்புக் கலவை வைத்தோம். மணல் எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், எண்ணெய் கசியக்கூடாது.

பக்கத்துச் செங்கல் இணைப்புகளில் ஒரு ஐந்தாறு வரிசையிலும் சிமென்ட். அதையும் எடுத்து, இணைப்பின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு ஆழம் காலி செய்து, 1 பங்கு சுண்ணாம்புக் களிக்கு 3 பங்கு மணல் என்று காரை பூசினோம். ஆங்கிள் கிரைண்டரை இந்த வீட்டுப் பக்கமே கொண்டு வரக்கூடாது, முக்கியமாக ஜன்னலுக்கு மேலே உள்ள தேய்த்த செங்கல் வளைவில். அங்கே இணைப்பு 1, 2 மி.மீ.தான், கிரைண்டர் அலகே அதைவிடத் தடிப்பு. வளைவின் நடுவில் ஒரு செங்கல் இறங்கியிருந்தால் அதைத் தூக்கி ஒட்டும் முன் பின்னால் உள்ள மர உத்தரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். உள்சுவரைத் தாங்குவது அதுதான். மக்கினால் வளைவு முதலில் சொல்லும். இங்கே உத்தரம் உளிக்குக் கெட்டியாக நின்றது. பூசிய காரைக்கு ஈரச் சாக்குத் துணி போட்டு ஒரு வாரம் மூடி வைத்தோம். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் மாதங்களில் இந்த வேலையை எடுக்கக்கூடாது.

மூன்று வாரம் கழித்து எடைவாசலைத் திறந்து அளந்தபோது, மேல் சேஷின் எடைகள் 75 மி.மீ. உயரத்திலிருந்து 63-க்கு இறங்கியிருந்தன. கயிறு 12 மி.மீ. நீண்டிருக்கிறது. கீழ் சேஷை ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கிறது. இடது கப்பி மட்டும் லேசாகக் கிறீச்சிட்டது. எண்ணெய் இன்னொரு சொட்டு.